மேற்கணக்குப் பாதையில் உட்கார்ந்திருந்த புலி

பாதையின் நடுவே புலி உட்கார்ந்திருந்தது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கும் கடைசி வாங்குக்கும் இடையே எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவுதான் அதற்கும் எங்களுக்கும் இடையில். மழை விட்டும் தூறல் விடாத பின்நேரம். தேயிலைக்கு மேல் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு ஆண்கள் தோளில் இரண்டு கம்புகள். கம்புகளில் கொழுந்துச் சாக்கைக் கோத்துக் கட்டிய தூக்கில் என் அக்கா படுத்திருந்தாள். நான் பக்கத்தில் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தேன்.

புலியைக் கண்டால் கத்துவார்கள், ஓடுவார்கள் என்று கதைகளில் எழுதுகிறார்கள். எங்களில் யாரும் கத்தவில்லை. முன்னால் தூக்கியவர் சூசை மச்சான், அக்காவின் கணவர். தோளில் இருந்த கம்பை அவர் ஆடவிடவில்லை.

அக்காவின் பெயர் பிலோமினா. எங்களுக்குப் பிலோமி. அன்று காலையில்தான் ஒரு பெண்பிள்ளை பெற்றிருந்தாள்.

புலியா, சிறுத்தையா?

கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சிறுத்தை என்று சொல்லிக்கொடுத்தவள் நான். வரி இருந்தால் புலி, புள்ளி இருந்தால் சிறுத்தை, இலங்கையில் புலியே கிடையாது என்று படம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு, மணி அடித்ததும் வெளியே போய், "எங்க லயத்து நாயப் புலி தூக்கிருச்சுடா" என்று பேசிக்கொள்வார்கள். தோட்டத்தில் அது புலிதான். இந்த வயதில் அதன் பெயரை மாற்ற எனக்கும் தெம்பில்லை. இங்கேயும் புலி என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அக்கா மகள் என்னை யாலக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். "சித்தி எங்கயுமே போனதில்ல, வாங்க" என்று ஒரே பிடிவாதம். ஜீப்பில் ஏற்றி, இடுப்பெலும்பைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி ஒரு பாதையில் கொண்டுபோனார்கள். மயிலைக் கண்டாலும் நிறுத்தினார்கள், மாட்டைக் கண்டாலும் நிறுத்தினார்கள். இதற்குப் போய் இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "திவியா" என்று சிங்களத்தில் கிசுகிசுத்தார். பாறைமேல் ஒரு பெண்புலி. குட்டி போட்டது, பால் கொடுத்துக்கொண்டிருப்பது என்று விளக்கம் வேறு சொன்னார். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். நான் ஒரு தடவை பார்த்தேன். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சித்தி பயந்துட்டாங்க" என்று அக்கா மகள் சிரித்தாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அவள் பிறந்த அன்று நடந்ததை நான் அவளிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. அம்மா எப்படிச் செத்தாங்க என்று கேட்டபோதெல்லாம், ரத்தம் போய்ச் செத்துட்டா என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். மிச்சத்தை அவள் இந்தப் பத்திரிகையில்தான் படிக்கப்போகிறாள்.

டீச்சரம்மா வர்றாங்க

இந்தத் தொடரில் அக்காவைப் பற்றி அங்கங்கே எழுதியிருக்கிறேன். முதல்முறை வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் கந்தப்பளைப் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் அக்காவும் கொழுந்தெடுத்துத்தான் வீடு நடந்தது. நான் ஹட்டனில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தேன். அக்கா கூடையைத் தலையில் மாட்டியதால்தான் நான் புத்தகத்தைத் தூக்க முடிந்தது.

அதைச் சொல்லிக் காட்டுகிற குணம் அவளிடம் இல்லை. கிண்டல்தான் நிறைய இருந்தது. லீவுக்கு நான் வந்தால் போதும், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்றுகொண்டு, "டீச்சரம்மா வர்றாங்க, எல்லாம் எந்திரிங்க" என்று கூட்டாளிப் பெண்களை எழுப்பி நிற்கவைப்பாள். நிஜமாகவே டீச்சராகித் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை. என் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்பக்கம் போய் அழுதிருக்கிறாள் என்று அம்மா சொல்லித் தெரிந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டது போதாதென்று, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மாரியம்மனுக்கும் ஒரு தேங்காய் உடைத்தாள். இதை நான் மாதா கோயில் சாமியாரிடம் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினால், "போய்ச் சொல்லு. அவருக்கா புள்ள இல்ல?" என்பாள்.

நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா, அந்த நாட்டுக்காரர்களா என்று கொழும்பிலும் டில்லியிலும் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வயிற்றில் பிள்ளை உதைக்கத் தொடங்கியதும் அக்காவுக்கு அந்தக் கவலையும் போய்விட்டது.

மண் சரிந்த மாரி

அந்த வருஷம் அடைமழை. எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவை மேற்கணக்கு என்போம். எங்கள் லயம் அங்கேதான். லொறி வரும் பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து, வண்டி அதற்குக் கீழே உள்ள வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே, காட்டு ஓரமாக ஒரு மைல் நடக்க வேண்டும்.

பிள்ளை காலையில் பிறந்தது. மருத்துவச்சி எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லி, வேறொரு பிரசவத்துக்குக் கீழே இறங்கிப் போய்விட்டார். மத்தியானத்துக்குப் பிறகு அக்காவுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. அம்மா துணி மாற்றினார், மாற்றினார், மாற்றிக்கொண்டே இருந்தார். அக்காவின் உதடு வெளுத்தது. கீழே ஓடிப்போய்ச் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், லொறி வளைவில் காத்து நிற்கும், உடனே தூக்கி வாருங்கள் என்று பதில் வந்தது.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். புறப்படும்போது அக்கா பிள்ளையின் உள்ளங்காலை மோந்து பார்த்தாள். இப்போதும் என் கண்ணில் நிற்கிறது அது.

அந்த மாரியில் புலிப் பயம் வேறு இருந்தது. லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு கன்றுக்குட்டியும் போனது. அதனால் காட்டுப் பாதையில் போகிறவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் போவார்கள். எங்களுக்குத் துணையாக வீரய்யா அண்ணன் தன் தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

வீரய்யா அண்ணன்

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். விடியற்காலை வேலைக்கு ஆள் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். அதற்குத் தப்படித்துத்தான் எழுப்புவார்கள். வீரய்யா அண்ணன் அடித்தால் செத்தவனும் எழுந்து பெரட்டுக்குப் போவான் என்று அக்கா கேலி செய்வாள். அந்த நேரம் தவிர, திருவிழா இல்லாத நாளில், பகலில் தப்புச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போய்விட்டார்கள். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு, எந்த லயத்துப் பக்கம் என்று காதைக் கொடுப்பார்கள்.

அதனால் உயிருள்ள நோயாளிக்கு முன்னால் தப்படித்துக்கொண்டு போகிற வழக்கமே கிடையாது. அம்மாவும் அதைத்தான் வீரய்யா அண்ணனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கொண்டு போங்கள், ஆனால் என் பிள்ளைக்கு முன்னால் அடிக்காதீர்கள் என்றார். அவர் தப்பைச் சாக்கில் சுற்றி முதுகில் மாட்டிக்கொண்டார். கையில் ஒரு தகரத்தை வைத்துத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

இப்படித்தான் அந்தப் புலியிடம் வந்து சேர்ந்தோம்.

நான்தான் உசுரோட இருக்கேனே

வீரய்யா அண்ணன் தகரத்தைத் தட்டினார். புலி காதை மட்டும் பின்னுக்கு மடித்தது. ஆண்கள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அது எழுந்திருக்கவில்லை. தொண்டைக்குள் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பியது.

ஒரு பக்கம் செங்குத்தான மண் திட்டு, மறுபக்கம் பள்ளம். சுற்றிப் போக வழியில்லை. திரும்பிப் போனால் அக்காவுக்கு லயத்தில் என்ன வைத்தியம் இருக்கிறது? சாக்கின் அடியிலிருந்து பாதையில் சொட்டிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

மழையில் நனைந்து முதுகெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தது அந்தப் புலி. படங்களில் வருகிற மிடுக்கெல்லாம் அதனிடம் இல்லை. சோறு தண்ணி இல்லாமல் வேலைக்கு வந்தவளின் முகம்தான் அதற்கு. பக்கத்துப் பாறை இடுக்கில் ஏதோ மெல்லக் கத்தியது. பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி இருந்தது.

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கண்ணை மூடிக் கிடந்தவள், புலியை நன்றாகவே பார்த்தாள். அதன் வயிற்றைப் பார்த்தாள்.

"அதுக்கும் பால் கட்டிருக்கு பாரு தங்கச்சி" என்றாள். "குட்டிய விட்டுட்டு எப்படி எந்திரிக்கும், பாவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் உயிர் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது, நீ புலிக்குப் பாவம் பார்க்கிறாயா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை. அந்தப் புலிமேல் எனக்குக் கோபமில்லை. அக்காமேல்தான்.

சூசை மச்சான் திரும்பி வீரய்யா அண்ணனைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை. அவர் கேட்பது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அடிச்சா கீழ கேக்கும் சூசை" என்றார் வீரய்யா அண்ணன். "லொறிக்காரங்க வேற மாதிரி நெனச்சிக்குவாங்க."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பேசியது அக்காதான்.

"அடிங்க அண்ணே. நான்தான் உசுரோட இருக்கேனே."

ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். தீயில் காட்டினால்தான் பேசும். வீரய்யா அண்ணன் சாக்குக்குள் வைத்திருந்த காய்ந்த மானாப்புல்லை எடுத்து, என் குடைக்குக் கீழே கொளுத்தித் தோலைக் காட்டினார். பிறகு நிமிர்ந்து அடித்தார். பெரட்டுக்கு அடிக்கிற அடியைத்தான் அடித்தார். சாவுக்கு அடிக்கிற அடியை அவர் கை தொடவில்லை. இதற்கு நான் சாட்சி.

அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. புலி துள்ளி எழுந்தது. ஒரு கணம் எங்கள்மேல் பாயும் என்றே நினைத்தேன். அது பாறை இடுக்குக்குள் தலையை விட்டு, ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, மண் திட்டில் தாவி ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். வீரய்யா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. லொறியைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தப்பு முதுகில் அடிக்க அடிக்கப் பனிமூட்டத்துக்குள் ஓடினார்.

வளைவு

நாங்கள் வந்து சேர்ந்தபோது வளைவில் லொறி இல்லை. சக்கரத் தடத்தில் தண்ணீர் நிற்கக்கூடத் தொடங்கவில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் இருந்தது. வீரய்யா அண்ணனும் இல்லை. லொறியைத் துரத்திக்கொண்டு கீழே போய்விட்டார் என்று புரிந்தது. தப்பை அடித்து அவர் அதை நிறுத்தியிருக்க முடியாது. அடித்தால் முன்பு சொன்னதைத்தான் அது திரும்பவும் சொல்லும்.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லொறி ஓட்டியவர் மாரிமுத்து அண்ணன். எங்கள் லயத்தில் அக்காவோடு ஒன்றாக வளர்ந்தவர். மலையில் தப்பு கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாராம். வழியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குத்தான் திருப்புவார்கள். வளைவில் இனி லொறிக்கு வேலையில்லை. பொழுது சாய்வதற்குள் சூசை மச்சானின் தாய்தகப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து முகம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தோட்ட மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்க லொறியோடு கீழே ஓடினார். போகிற வழியில் மணி அடிக்கிற எங்கள் கோயில் உபதேசியாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அக்காமேல் இருந்த பாசத்தில், ஒரு நிமிஷத்தைக்கூட அவர் வீணாக்கவில்லை.

எங்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நடந்தே கீழே இறங்கலாம் என்றார் மச்சான். தூக்கைத் தூக்கியதும் அக்கா வலியில் முனகினாள். அதற்குப் பிறகு தூக்க அவருக்கு மனம் வரவில்லை. லொறி வரும் என்று அவளை வளைவிலேயே கிடத்தினோம். அவள் கை ஐஸாகக் கிடந்தது. நான் என் சேலையின் உலர்ந்த பக்கத்தால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கீழே கோயில் மணி அடித்தது.

"என்ன மணி?" என்று அக்கா கேட்டாள்.

"சாயந்திர செபத்துக்கு" என்றார் மச்சான். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லீங்க. ஒண்ணொண்ணாவுல்ல அடிக்குது. யாரோ போயிட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "செபமாலையில ஒரு பத்து சொல்லு தங்கச்சி. யாரா இருந்தாலும் அந்த ஆத்துமாவுக்குச் சொல்லணும்."

யாருக்கு அடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

நான் சொன்னேன். மாதாவிடம் வேண்டுகிற மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை நான் சொன்னேன், பின்பாதியை அவள் சொன்னாள். நின்றவர்களில் இரண்டு பேர் இந்துக்கள். அவர்களும் கைகட்டி நின்றார்கள். மச்சான் பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நான் தொடங்கத் தொடங்க அக்காவின் குரல் உள்ளே போனது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு முன்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். பின்பாதியையும் நானே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மணி நின்றது. வீரய்யா அண்ணன் கீழே ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

கீழே லொறியின் சத்தம் கேட்டது. மாரிமுத்து அண்ணன் ஹோர்னை அழுத்தியபடியே வந்தார். பிலோமி உயிரோடு இருக்கிறாள் என்று மலைக்கெல்லாம் தெரியட்டும் என்று, ஒவ்வொரு வளைவிலும் விடாமல் அழுத்திக்கொண்டு வந்தார். மேலே லயத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்த அம்மா, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அழுகையை நிறுத்தினாராம்.

லொறி வந்து நின்றது. பின்தட்டில் ஏழெட்டுப் பெண்கள், அழுது வீங்கிய முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். மாரிமுத்து அண்ணன் கதவைத் திறந்து குதித்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிரு சூசை, நாங்க என்னென்னமோ நெனச்சிட்டோம்" என்றார். "ஏத்துங்க, சீக்கிரம் ஏத்துங்க."

மச்சான் குனிந்து தூக்கின் முன்பக்கத்தைப் பிடித்தார். நாங்கள் ஏற்றினோம்.